திரை சந்தேகம்: ஜன்னலுக்கு வெளியே பிணம், மேஜையில் சாப்பாடு

கே: மாளிகை, பணக்காரக் குடும்பம், தன்பாலீர்ப்பு, கொலை என்று வரும் ‘சால்ட்பர்ன்’ வகைப் படங்களில் எல்லாமே மிகை. ஆனாலும் உறுத்தவில்லையே, ஏன்?

ப: மிகை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உடையில் இருக்கும், அலங்காரத்தில் இருக்கும், வசனத்தில் இருக்கும். முகத்தில் மட்டும் இருக்காது. இந்தப் பாணிக்கு ‘கேம்ப்’ என்று பெயர். அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1964இல் இதைப் பற்றி எழுதியபோது கட்டுரையாகக் கோக்காமல் 58 குறிப்புகளாக விட்டுவிட்டார். இலக்கணத்துக்குள் பிடிபடாத ரசனை இது.

எமரால்ட் ஃபென்னல் இயக்கிய ‘சால்ட்பர்ன்’ (2023) படத்தில் ஒரு மதியச் சாப்பாட்டுக் காட்சி. (பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுங்கள்.) வீட்டு மகன் தோட்டத்தில் இறந்து கிடந்திருக்கிறான். குடும்பம் சாப்பிட உட்காருகிறது. சடலத்தைக் கொண்டுபோவது கண்ணில் படாதிருக்கத் திரைச்சீலையை இழுத்து மூட, அறை முழுக்கச் சிவப்பு. மகள் ஊற்றும் ஒயின் கோப்பை தாண்டி வழிகிறது. வாய்விட்டு அழுதிருந்தால் அது வெறும் சோகக் காட்சி. அவர்களோ மேஜை நாகரிகத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். சிரிப்பும் பயமும் அந்த முயற்சியில் பிறக்கின்றன.

கே: இதில் குயர் பாத்திரம், அதாவது தன்பாலீர்ப்பு போன்ற மாற்றுப் பாலீர்ப்பு உள்ள பாத்திரம், எதற்கு? பணக்காரர்களைக் கிண்டலடிக்க அது தேவையா?

ப: பெரிய வீடு நிற்பது வாரிசு என்ற ஒற்றைத் தூணில். கல்யாணம், மகன், சொத்து, பிரபுப் பட்டம் என்று எல்லாம் அந்தக் கணக்குத்தான். வாரிசில் போய் முடியாத ஆசை ஒன்று உள்ளே நுழைந்தால் கணக்கு குழம்பும். ‘தி ஃபேவரிட்’ (2018) படத்தில் ராணி ஆன் 17 முயல்கள் வளர்க்கிறார். இழந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு முயல். வாரிசில்லாத அந்த அரண்மனையில் அதிகாரம் யார் கையில் என்பதை, ராணியின் படுக்கையறைக்குப் போட்டியிடும் இரண்டு பெண்கள் முடிவுசெய்கிறார்கள்.

இன்னொன்று, ஒளிந்து வாழ நேர்ந்தவருக்குப் பாவனை அத்துப்படி. இங்கிலாந்தில் ஆண்களின் தன்பாலுறவு 1967 வரை குற்றம். எந்த இடத்தில் எந்தக் குரலில் பேசுவது என்று தெரிந்துவைத்திருப்பது உயிர்வாழும் வழி. மேல்தட்டு வாழ்க்கையும் முழுக்கப் பாவனைதான் என்பதால் அந்தக் கண்ணுக்கு அது சட்டென்று அகப்பட்டுவிடும்.

கே: இந்தப் பாணியில் குறும்படம் எடுக்கிறோம். மாளிகைக்குப் பணமில்லை.

ப: ஒரு சாப்பாட்டு மேஜை போதும். நடுவில் அளவுக்கு மீறிய ஒரு பொருளை வையுங்கள். பத்து வைத்தால் கடை மாதிரி ஆகிவிடும். பரிமாறுபவர் ஃபிரேமின் ஓரத்தில் நின்றுகொண்டே இருக்கட்டும். கொடூரமான வசனம் முடிந்ததும் கட் செய்யாதீர்கள். கேட்டவர் முகத்தில் இரண்டு மூன்று விநாடி நில்லுங்கள். பின்னணி இசை அங்கே வந்தால் சிரிப்பு செத்துவிடும்.

பெரும்பாலும் சொதப்புவது, ‘இது ஜோக்’ என்று நடிகர் கண்ணடிப்பதில். அடுத்தது, பாத்திரத்தின் பாலீர்ப்பையே கேலிப்பொருள் ஆக்குவது. அது பழைய அழுக்கு நகைச்சுவை, கேம்ப் அல்ல. பணக்காரர்களை வெறும் பூதங்களாகவும் காட்டாதீர்கள். அந்த மேஜையில் நமக்கும் ஒரு நாற்காலி கிடைக்காதா என்று பார்ப்பவர் ஒரு நிமிடமாவது ஏங்க வேண்டும்.

கே: முன்னோடிப் படம் ஒன்று?

ப: ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனெட்ஸ்’ (1949). பட்டத்துக்காக உறவினர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் கதை. அந்தக் குடும்பத்தின் எட்டுப் பேராகவும் வருபவர் அலெக் கின்னஸ். வெளிப்படையான குயர் படமல்ல. ஆனால் கொலைகாரனின் பேச்சில் ஒரு இடத்திலும் மரியாதை குறையாது.