கேள்வி-பதில்: விமான டிக்கெட்டும் நேரக் கணக்கும்

சிங்கப்பூர் டிக்கெட்டில் இரவு 11.00 புறப்பாடு, காலை 5.45 வருகை. ஆறே முக்கால் மணி நேரம்! துபாய்க்கு இரண்டே முக்கால்தான் காட்டுகிறது. இரண்டும் ஒரே தூரம் என்கிறார்கள். ஏஜென்ட் சுற்றுவழி டிக்கெட்டைத் தலையில் கட்டிவிட்டாரா? – தண்டையார்பேட்டை வாசகர்

இல்லை. சென்னையிலிருந்து இரண்டுமே சுமார் 2,900 கி.மீ., நாலேகால் மணி நேர அளவு. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் மணி. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னே, துபாய் ஒன்றரை மணி பின்னே. தூரத்தை வேகத்தால் வகுத்துப் பார்த்தாலும் கணக்கு உதைக்கும். விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், இறங்கி நிறுத்துமிடம் சேர்வதும் பயண நேரத்தில் அடக்கம்.

கோவை விமானத்தை அன்று காலையில்தான் ரத்து செய்தார்கள். டிக்கெட் பணம் மட்டும் தருவோம் என்கிறார்கள். – வண்ணாரப்பேட்டை வாசகி

அது போதாதும்மா, விடாதீர்கள். இழப்பீடு பயண நேரத்தை வைத்துத்தான்: 1 மணி நேரம் வரை 5,000 ரூபாய், 2 மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதைவிடக் குறைவென்றால் அந்தத் தொகை. கோவைக்கு ஒன்றேகால் மணி நேரம் போட்டிருந்தால் 7,500 வரிசை. டிக்கெட் பணம் தனி, இது தனி. மழை, புயல் காரணமென்றால் இழப்பீடு கிடைக்காது.

டிக்கெட்டில் யாருடைய கைப்பேசி எண் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஏஜென்டுகள் தங்கள் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். ரத்துச் செய்தி அவருக்குப் போகும். 'முன்பே சொல்லிவிட்டோம்' என்று நிறுவனம் கை கழுவும். விமான நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் மத்திய அரசின் விமானப் பயணிகள் புகார் தளமான ஏர்சேவா, அல்லது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது.

சென்னை–மும்பை ஒரு டிக்கெட், மும்பை–தோஹா இன்னொன்று, தனித்தனியாக வாங்கினேன். முதல் விமானம் தாமதம், அடுத்தது போய்விட்டது. யார் பொறுப்பு? – ராயபுரம் வாசகர்

நீங்கள்தான். இரண்டும் ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) இருந்தால்தான் அடுத்த விமானம் ஏற்றிவிடுவது அவர்கள் வேலை. எத்தனை முறை எழுதினாலும் இந்தத் தவறு நிற்கவில்லை. இரண்டு டிக்கெட் என்றால் மும்பையில் பெட்டியை எடுத்து, தேவைப்பட்டால் முனையம் மாறி, மறுபடி செக்-இன் செய்து, குடியேற்றச் சோதனைக்கு நிற்க வேண்டும். வெளிநாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். குறைந்தது ஐந்து மணி நேர இடைவெளி இல்லாமல் இப்படி வாங்கவே கூடாது. சில தளங்கள் இரண்டு தனி டிக்கெட்டை ஒரே பயணம்போல் காட்டி, 'சுயமாக மாறிக்கொள்ளவும்' என்று பொடி எழுத்தில் போடுகின்றன. அந்த வரியைப் பார்க்காமல் வாங்கி நானும் பணம் இழந்திருக்கிறேன். பணம் கட்டுமுன் பிஎன்ஆர் ஒன்றா இரண்டா என்று கேளுங்கள்.

நாலு மணி நேரம் என்று நினைத்து வாங்கினேன், கொழும்பில் ஏழு மணி நேரம் உட்கார வைத்தார்கள். வழக்குப் போடலாமா? – எண்ணூர் வாசகர்

முடியாது. 'மொத்தப் பயண நேரம்' என்று டிக்கெட்டிலேயே போட்டிருக்கிறதே ஐயா.

காலை 6 மணி டெல்லி விமானம். விம்கோ நகரில் 5 மணி மெட்ரோ பிடித்தால் போதுமா? – திருவொற்றியூர் வாசகர்

போதாது. விமான நிலையம் சேரவே ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். செக்-இன் கவுன்ட்டர் 5 மணிக்கே மூடிவிடும். மூன்றரைக்கு வண்டி சொல்லிவிடுங்கள்.