சதாவதானியும் வட்ஸ்அப்பும்

கேள்வி: பகலில் கொழும்புக் கோட்டையில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை. இரவில் வெள்ளவத்தை அறையில் பட்டயக் கணக்காளர் பரீட்சைக்குப் படிப்பு. மடிக்கணினியில் கிரிக்கெட், காதில் பாட்டு, கையில் வட்ஸ்அப், முன்னால் புத்தகம். ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனிக்கும் சதாவதானிகள் பிறந்த மண் என்று பெருமையும் பேசியிருக்கிறேன். இப்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மூன்று மணிநேரம் உட்கார்ந்தாலும் இரண்டு பக்கம் தாண்டுவதில்லை. மூளை நிரந்தரமாகக் கெட்டுவிட்டதா? ஊரில் அம்மா தனியாக இருப்பதால் தொலைபேசியை எப்போதும் அணைத்துவைக்கவும் முடியாது.
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, முதலில் அந்தச் சதாவதானியை இந்தக் கணக்கிலிருந்து கழித்துவிடுவோம். யாழ்ப்பாணத்துப் புலோலியில் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளை அந்தப் பட்டத்தோடு வாழ்ந்தவர்தான். ஆனால் அவதான சபையில் நடப்பதைப் பாருங்கள். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார், இன்னொருவர் கணக்குக் கேட்பார், எங்கோ மணி அடிக்கும், முதுகில் கல் விழும். கடைசியில் எத்தனை மணி, எத்தனை கல் என்றும் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் நடுவே அவதானி புதிதாக எதையும் படிப்பதில்லை. யாப்பும் நிகண்டும் ஆண்டுக்கணக்கில் தனியே இருந்து மனத்தில் ஏற்றியவை. சபையில் எடுத்துக் கொடுக்கிறார், அவ்வளவுதான். நீங்களோ பிற்போடப்பட்ட வரி (deferred tax) போன்ற ஒரு கணக்கியல் பாடத்தை முதன்முதலாக விளங்கிக்கொள்ளும் வேளையில் ஓவருக்கு ஓவர் ஸ்கோர் பார்த்திருக்கிறீர்கள்.

கெட்டுவிட்டதா என்ற கேள்விக்கு வருகிறேன். 2009-இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒஃபிர், நாஸ், வாக்னர் என்ற மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல ஊடகங்களை ஒருசேரப் புழங்குபவர்கள், தேவையற்றதை ஒதுக்கித் தள்ளுவதில் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதிலும் அவர்களே மெதுவாக இருந்தார்கள். ஆனால் பின்னர் வேறு ஆய்வாளர்கள் இத்தகைய சோதனைகளைத் திரும்பச் செய்தபோது வேறுபாடு சிறிதாகவே தெரிந்தது. சிலவற்றில் தெரியவே இல்லை. பல திரை பார்த்ததால் கவனம் சிதறியதா, இயல்பிலேயே கவனம் சிதறுபவர்கள் பல திரையை நாடுகிறார்களா என்பதும் அதில் தீர்ந்துபோகவில்லை. ஆகவே நிரந்தரமாகக் கெட்டுவிட்டது என்று யாரும் உங்களுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. நீங்களே எழுதிக்கொள்ளவும் வேண்டாம். படிக்காமல் இருப்பதற்கு அது வசதியான சாட்டு.

உங்கள் மேசையில் நடப்பது அதைவிட எளிய விஷயம். ஒரு சொத்தின் ஏட்டுப் பெறுமதி, அதன் வரி அடிப்படை, வரி வீதம் என்று மூன்று எண்களை மனத்தில் பிடித்தபடி பக்கத்தின் நான்காவது வரிக்குப் போகிறீர்கள். தொலைபேசி அதிர்கிறது. எடுக்கவில்லை. ஆனாலும் யாராக இருக்கும் என்ற நினைப்பு வந்ததுமே ஓர் எண் நழுவிவிடுகிறது. மறுபடியும் முதல் வரி. 2015-இல் வெளியான ஒரு சோதனையில், தொலைபேசியைத் தொடாமல் அறிவிப்பை மட்டும் உணர்ந்தவர்கள்கூடச் செய்துகொண்டிருந்த வேலையில் கூடுதலாகப் பிழை விட்டார்கள். இந்தப் பழக்கம் ஊறிய பிறகு தொலைபேசியே தேவையில்லை; மணிக்கொருமுறை குறுக்கிட மனமே போதும். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் நீங்கள் தடுமாறுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அந்த மூன்று மணிநேரக் கனவையும் கைவிடுங்கள். ராடார் பார்ப்பவர்களின் சிக்கலை ஆராய்ந்த மக்வேர்த் என்ற பிரித்தானிய உளவியலாளர், கடிகார முள்ளின் அபூர்வமான தாவலைக் கவனிக்கும்படி ஆட்களை இரண்டு மணிநேரம் உட்காரவைத்தார். முதல் அரை மணிக்குள்ளேயே அவர்களின் கவனம் சரியத் தொடங்கியது. அவர் அதை எழுதியது 1948-இல்; அப்போது யாருடைய கையிலும் வட்ஸ்அப் இல்லை.

அரை மணிநேரம் படியுங்கள். எழும்பும் முன், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதுங்கள். திரும்பி வந்ததும் தேடி அலைய வேண்டியிராது. பிறகு கடற்கரைப் பக்கம் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள், கையில் எதுவும் இல்லாமல். அறையில் சரிவராவிட்டால் வெள்ளவத்தையிலேயே கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. நாலு பேர் குனிந்து படிக்கும் இடத்தில் நமக்கும் கொஞ்சம் வெட்கம் வரும். சொற்கள் உள்ள பாட்டு வாசிப்போடு மல்லுக்கு நிற்கும், அதை பஸ் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட்டையும் அரைக்கண்ணால் பார்க்காதீர்கள். இலங்கை ஆடும் நாளில் புத்தகத்தை மூடிவிட்டு ஒழுங்காகப் பாருங்கள்.

சிறு வயதிலிருந்தே இப்படித்தான், அலுவலகத்திலும் இதே பாடு என்றால், அது வேறு விஷயம். ஒரு வைத்தியரைப் பார்ப்பது நல்லது.

அம்மா விஷயம் சுலபம். தெரிவுசெய்த எண்கள் மட்டும் ஒலிக்கும்படி வைக்கும் வசதி இன்றைய தொலைபேசிகளில் இருக்கிறது. அம்மாவின் எண்ணையும் அவசரத்துக்குப் பக்கத்து வீட்டார் எண்ணையும் அதில் போட்டு, தொலைபேசியை அடுத்த அறையில் வையுங்கள். இரவில் அவசரமென்றால் செய்தி அனுப்பாமல் நேரே அழைக்கும்படி அம்மாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.