மது வாங்கும் வயதை 18 ஆக்கலாமா? களியக்காவிளையில் நின்று பார்த்தால்

கேட்கப்பட்ட கேள்வி: "18 வயதில் ஓட்டுப் போடலாம், வண்டி ஓட்டலாம், சொத்து வாங்கலாம். மது மட்டும் 21 வரை கூடாது என்பது நியாயமா? தமிழ்நாட்டில் வயதைக் குறைத்தால் என்ன கெட்டுப்போகும்? எல்லையோர மாவட்டமான கன்னியாகுமரியில் இருப்பவர்கள் சொல்லுங்கள்."

குறைக்கக் கூடாது. எல்லையோர மாவட்டத்தில் நிச்சயமாகக் கூடாது. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். மது மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம், அதனால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வயது. தமிழ்நாட்டில் 21. பாண்டிச்சேரியிலும் கோவாவிலும் 18. கேரளாவில் 21 ஆக இருந்ததை 2017இல் அறிவித்த மதுக் கொள்கையில் 23 ஆக உயர்த்தினார்கள். ஆக, களியக்காவிளையில் 21 முடிந்த பையன் சட்டப்படி வாங்கலாம். சில கிலோமீட்டர் தள்ளிக் கேரளப் பக்கம் பாறசாலையில் அதே பையனுக்கு அந்த மாநில அரசின் மதுக்கடையான பெவ்கோவிலும் கொடுக்கக் கூடாது, கள்ளு ஷாப்பிலும் கொடுக்கக் கூடாது. இன்றைக்கு அந்த இடைவெளி இரண்டு வருஷம். நாம் 18க்கு இறங்கினால் ஐந்து வருஷம் ஆகிவிடும்.

இந்த ஐந்து வருஷ இடைவெளி சாலையில் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அங்கே 1971இல் ஓட்டுரிமை வயதை 18 ஆக்கினார்கள். "ஓட்டுக்கு 18 என்றால் மதுவுக்கும் 18" என்று, இன்று நீங்கள் சொல்லும் அதே வாதத்தோடு, பல மாநிலங்கள் மது வயதையும் 18, 19 என்று இறக்கின. பக்கத்து மாநிலம் இறக்காமல் 21இலேயே நின்றது. இரவில் இளைஞர்கள் எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு வண்டி ஓட்டித் திரும்பினார்கள், வழியிலேயே செத்தார்கள். அந்த எல்லைகளுக்கு "ரத்த எல்லை" என்றே பெயர் விழுந்தது. 1984இல் மத்திய அரசு தலையிட்டு, 21க்கு உயர்த்தாத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கை வெட்டுவோம் என்று சட்டம் போட்டது. சில வருஷங்களில் எல்லா மாநிலமும் 21க்கு வந்தன.

இப்போது அதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கம் 18 முதல் 22 வயது வரை உள்ள பையன்களுக்கு அங்கே கடை இல்லை, களியக்காவிளை தாண்டினால் கடை உண்டு என்றாகிவிடும். வருவது பைக்கில், ஒரு வண்டியில் இரண்டு பேர், சில நேரம் மூன்று பேர். நம் கடைகள் இரவு 10 மணிக்கு அடைப்பு. ஆக அவர்கள் திரும்புவது பத்து மணிக்கு மேல், களியக்காவிளை – திருவனந்தபுரம் சாலையில், எதிரே லாரியும் பஸ்ஸும் வருகிற நேரத்தில். ஏறி இறங்கி வளைந்து போகும் அந்தச் சாலை தெரிந்தவர்களுக்கு நான் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. பனச்சமூடு, கொல்லங்கோடு வழியாக உள்ள சிறிய சாலைகளில் பல இடங்களில் வெளிச்சமே குறைவு.

இந்த எல்லை இழுப்பு அரசாங்கங்களையும் இழுக்கும். டெல்லி 2021இல் 25ஐ 21 ஆக்கப்போவதாக அறிவித்தபோது பக்கத்தில் உத்தரப்பிரதேசத்து நொய்டாவில் 21தானே என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஹரியானா 25ஐ 21 ஆக்கிச் சட்டத்தைத் திருத்தியது. டெல்லியின் அந்தக் கொள்கையே பிறகு திரும்பப் பெறப்பட்டது. வயது அங்கே 25ஆகவே நிற்கிறது. ஒருவர் இறங்கினால் பக்கத்தில் இருப்பவருக்கும் இறங்க ஒரு சாக்கு கிடைக்கிறது. கர்நாடகம் 2023 ஜனவரியில் 21ஐ 18 ஆக்க வரைவு விதி கொண்டுவந்து, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டது.

ஓட்டு வாதத்துக்கு வருகிறேன். வயது என்பது எல்லாவற்றுக்கும் ஒரே கோடு அல்ல. கியர் இல்லாத 50 சி.சி. வண்டிக்கு 16, கியர் வண்டிக்கு 18, ஆண் திருமணத்துக்கு 21, எம்.எல்.ஏ. ஆக நிற்க 25. ஒவ்வொன்றிலும் தப்பு நடந்தால் யாருக்கு என்ன சேதம் என்று பார்த்து வைத்த கோடுகள் இவை. மதுவில் சேதம் குடித்தவனோடு நிற்காது.

இதைவிடப் பெரிய காரணம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. பிளஸ் டூ வகுப்பில் கல்வியாண்டு முடிவதற்குள் சில பிள்ளைகளுக்கு 18 நிறைந்துவிடும். பாலிடெக்னிக்கில் பத்தாம் வகுப்பு முடித்துச் சேரும் 15 வயதுப் பையனும் கடைசி வருஷத்து 18 வயதுப் பையனும் ஒரே வளாகத்தில், ஒரே கேன்டீனில், பல நேரம் ஒரே ஹாஸ்டலில். ஐ.டி.ஐ.யிலும் இதேதான். வயதை 18 ஆக்கினால் சட்டப்படி வாங்கும் தகுதியுள்ள ஒருவன் 15 வயதுப் பிள்ளைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். 21 என்று இருக்கும்போது வாங்கத் தகுதியுள்ளவன் கல்லூரி கடைசி வருஷத்தில் இருப்பான், அல்லது படிப்பே முடித்து வெளியே போயிருப்பான். இந்த மூன்று வருஷத்தின் பலன் 18 வயதுக்காரனைத் தடுப்பதில் பாதிதான். அவன் கை வழியாக 15 வயதுக்குப் போவதைத் தடுப்பது மீதிப் பாதி. நியூசிலாந்து 1999 டிசம்பரில் 20ஐ 18 ஆக்கிய பிறகு நடந்த ஆய்வில், 18, 19 வயதினர் மட்டுமல்ல, 15 முதல் 17 வயது வரை உள்ளவர்களின் விபத்துக் காயங்களும் மற்ற வயதினரோடு ஒப்பிடக் கூடின. சட்டம் அவர்களைத் தொடவே இல்லை, ஆனாலும் பாட்டில் அவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

இது ஏன் முக்கியம் என்றால், தொடங்கும் வயதும் அடிமையாவதும் பின்னிக் கிடக்கின்றன. அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்த கணக்கெடுப்பில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மதுவுக்கு அடிமையானவர்கள். 20 வயதுக்கு மேல் தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவீதம். வீட்டுச் சூழல், பரம்பரை என்று வேறு காரணங்களும் இதில் கலந்திருக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் நான்கு மடங்கு வித்தியாசத்தைக் கண்டும் காணாமல் போக முடியாது.

அடுத்து, கடை ஜன்னல். டாஸ்மாக் கடையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முன்னால் கம்பி வலை, நடுவில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. மாலை ஏழு மணிக்கு அந்த ஓட்டையில் நான்கைந்து கைகள் ரூபாய் நோட்டோடு நீளும். விற்பனையாளர் பார்ப்பது கையை, நோட்டை; காதில் விழுவது பிராண்டு பெயரை. முகம் வலைக்கு அந்தப் பக்கம் இருட்டில் இருக்கும். ஒரு ஆளுக்குக் கிடைப்பது சில விநாடி. "21 வயதுக்குக் கீழ் விற்பனை இல்லை" என்ற பலகை தலைக்கு மேலே தொங்கும், கீழே கை மட்டும் போய் வரும்.

முகமே தெரிந்தாலும் கண்ணால் வயதைக் கணிப்பதில் மூன்று வருஷம் முன்னே பின்னே தப்பு வருவது சாதாரணம். கோடு 21இல் இருந்தால் ஏமாந்து கொடுப்பது 18 வயதுக்காரனுக்கு. கோடு 18இல் இருந்தால் அதே அளவு ஏமாறும்போது 15 வயதுக்காரனுக்குப் போகும். அது விதிமீறலோடு நிற்காது. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 77ஆவது பிரிவில், 18 வயது நிறையாதவருக்கு மது கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். விற்பனையாளருக்கும் 21 பாதுகாப்பான கோடு என்பதை ஊழியர்கள் யோசிக்க வேண்டும். இதே பிரிவு, பையனுக்கு ஊற்றிக் கொடுக்கும் மாமாவுக்கும் பொருந்தும். கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரியும் ஊர்த் திருவிழாவிலும் "ஒரு நாள்தானே மக்களே" என்று கிளாஸை நீட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

"பீருக்கும் கள்ளுக்கும் மட்டும் 18, பிராந்திக்கு 21 என்று வைக்கலாமே, ஜெர்மனியில் பீருக்கு 16தானே" என்று இன்னொரு யோசனை வரும். நம் ஊர்க் கணக்கைப் பார்ப்போம். 42.8 சதவீதப் பிராந்தி 30 மி.லி.யில், அதாவது ஒரு ஸ்மாலில், ஏறக்குறைய 10 கிராம் ஆல்கஹால். 650 மி.லி. ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் அதில் 41 கிராம், அதாவது நான்கு ஸ்மால் பிராந்தி. பெயர்தான் பீர். கள் விஷயம் வேறு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை, எல்லைக்கு அப்பால் அனுமதி. பனையேறிகளின் பிழைப்புக்காக அந்தத் தடையை மறுபடி யோசிக்கலாம் என்பதே என் எண்ணமும். அக்கானி (பதநீர்) இறக்கிக் கருப்பட்டி காய்ச்சிப் பிழைக்கும் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. ஆனால் அதையும் 18 வயதையும் ஒரே மூட்டையில் கட்ட வேண்டாம்.

கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டுகிறேன், பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது "குடிக்காதே" என்று கத்துவதைவிடப் பலன் தரும். இரண்டு பேர் சேர்ந்து ஒரு குவார்ட்டர் வாங்கிப் பிரித்தால் ஆளுக்குக் கட்டிங், 90 மி.லி. 50 கிலோ எடையுள்ள பையன் அதைக் குடித்தால் ரத்தத்தில் ஆல்கஹால் 100 மி.லி.க்கு சுமார் 90 மி.கி. வரை ஏறும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவில் வண்டி ஓட்டுகிறவருக்கு வரம்பு 30 மி.கி. அதாவது கட்டிங்கிலேயே மூன்று மடங்கு. உடம்பு இதை மணிக்கு 15 மி.கி. போலத்தான் குறைக்கும். வரம்புக்குக் கீழே வர நான்கு மணி நேரம். முழுக் குவார்ட்டர் என்றால் 180 மி.கி., வரம்புக்குள் வர பத்து மணி நேரம். ராத்திரி பத்துக்குக் குடித்தவன் காலை ஏழு மணிக்கு பைக்கை எடுத்து வேலைக்குக் கிளம்பினாலும் ஊதினால் மாட்டுவான். முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மோர், எலுமிச்சை, கட்டஞ்சாயா (பால் விடாத டீ), தலையில் தண்ணீர், எதுவும் அந்த 15ஐக் கூட்டாது.

பிள்ளை போதையில் வீட்டுக்கு வந்து விழுந்தால்: மல்லாக்கப் போடக் கூடாது. வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும், இதில் உயிரே போகலாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் காலை மடக்கி, முகத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்து, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று தொண்டையில் விரல் விடக் கூடாது, குளிர்ந்த நீரில் குளிப்பாட்டக் கூடாது. நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவாக மூச்சு, மூச்சுக்கு மூச்சு பத்து விநாடி இடைவெளி, உதடு நீலம், கிள்ளினாலும் விழிக்கவில்லை: இதில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். நாகர்கோவில் பக்கம் என்றால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அடியும் புத்திமதியும் மறுநாள் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம்.

குறைக்கச் சொல்கிறவர்கள் தரப்பில் ஒரு நல்ல வாதம் உண்டு: 21 என்று வைத்தால் பிள்ளைகள் மறைவில் குடிப்பார்கள், மறைவில் குடிப்பது வேகமாகவும் அதிகமாகவும் போகும். 2008இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரித் தலைவர்கள் இதைச் சொல்லி விவாதம் கேட்டார்கள். இங்கேயும் ரப்பர் தோட்டத்திலும் குளத்தங்கரையிலும் நடப்பது அதுதான். ஆனால் அந்த மறைவுக் குடி கடை வயதுக்குப் பயந்து நடப்பதல்ல, வீட்டுக்குப் பயந்து நடப்பது. வயதை 18 ஆக்கினாலும் அப்பாவுக்கு முன்னால் யாரும் பாட்டிலைத் திறக்கப்போவதில்லை. காலை நேரத்தில் பிளாக்கில் விற்கிறவனிடம் வாங்குவதும் வயதால் வந்ததல்ல. கடை பகல் 12க்குத் திறக்கிறது, அதனால் வந்தது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? 21ஐ ஜன்னலில் அமலாக்க வேண்டும். பிரிட்டனில் சட்ட வயது 18, ஆனால் 25க்குக் கீழ் தோற்றமுள்ள எல்லோரிடமும் வயதைக் காட்டும் அடையாள அட்டை கேட்பது பல கடைகளில் நடைமுறை. இங்கே 30க்குக் கீழ் தெரிந்தால் அட்டை என்று வைக்கலாம். ஜன்னலில் "இந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர்களுக்கு இல்லை" என்று தினமும் மாற்றும் தேதிப் பலகை இருந்தால் விற்பனையாளர் மனக்கணக்குப் போட வேண்டாம். ஓட்டுநர் உரிமம் நல்ல அட்டை, முழுப் பிறந்த தேதி இருக்கும். பழைய ஆதார் சிலவற்றில் பிறந்த ஆண்டு மட்டும் இருக்கும், அப்போது அந்த ஆண்டின் டிசம்பர் 31ஐக் கணக்கில் எடுக்க வேண்டும். போனில் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை ஏற்கவே கூடாது, தேதியைத் திருத்த ஒரு நிமிடம் போதும். வலைக்கு வெளியே முகம் தெரிய ஒரு விளக்கு, வரிசைக்கு ஒரு தடுப்பு. இந்த இரண்டுக்கும் பெரிய செலவில்லை. கடைக்கு ஒரு ஆள் கூடுதலாகப் போடாமல் ஊழியர் தலையில் மட்டும் இதைக் கட்டினால் ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிடும், அதையும் சொல்லியாக வேண்டும்.

உண்ணாமலைக்கடையில் 2015 ஜூலை 31 அன்று, மதுக்கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். சேலத்துக்காரர் நம் மாவட்டத்துக் கடைக்காக வந்து செத்தார். யாரும் கோபுரம் ஏற வேண்டாம். சிறுவர்களுக்கு விற்பதைக் கண்டால் மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் 10581க்குக் கூப்பிடலாம். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம். மனு ஏன் பயனில்லாமல் போகிறது என்றால் "எங்கள் ஊர்க் கடையில் சிறுவர்களுக்கு விற்கிறார்கள்" என்று பொதுவாக எழுதுவதால். பலகையில் உள்ள கடை எண், தேதி, மணி, எந்த ஜன்னல், கடையா பாரா, யூனிஃபார்ம் போட்டிருந்தானா என்று எழுதுங்கள். இரண்டு மூன்று தேதிகள் இருந்தால் இன்னும் நல்லது. ரசீது எண்ணோடு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பையனின் பெயரையோ படத்தையோ மட்டும் மனுவிலும் வாட்ஸ்அப் குழுவிலும் போட வேண்டாம்.