புளூ புக்கிலிருந்து தொடங்கலாம்: கல்லூரி ஆசிரியர்களின் கேள்விகள்

பெங்களூர்க் கல்லூரிகளில் பாடம் நடத்தும் தமிழ் ஆசிரியர்கள் சிலர், தங்கள் கற்பித்தலையே ஆய்வு செய்வது பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

பொறியியல் முதலாண்டுக்கு சி புரோகிராமிங் எடுக்கிறேன். வாரம் 18 மணி நேரம் வகுப்பு. கல்வியியல் படித்ததில்லை. எங்கிருந்து தொடங்குவது?
- எலக்ட்ரானிக் சிட்டி

சர்வே எதுவும் தயாரிக்க வேண்டாம். திருத்திவைத்த இன்டர்னல் புளூ புக்குகளை, அதாவது கல்லூரி உள்தேர்வு விடைத்தாள்களை, எடுங்கள். அர்ரே (மதிப்புகளை வரிசையாக வைக்கும் அமைப்பு) பற்றிய ஒரே ஒரு கேள்விக்கு முப்பது விடைகளைப் படியுங்கள். மார்க்கைப் பார்க்காமல், தவறு எந்த வரியில் தொடங்குகிறது என்று மட்டும் குறியுங்கள். இடங்களை 0-விலிருந்து எண்ண மறந்தவர் எத்தனை பேர், லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் பகுதியை) ஒரு முறை கூடுதலாக ஓடவிட்டவர் எத்தனை பேர், லேப் ரெக்கார்டில் இருந்ததை மனப்பாடமாக எழுதியவர் எத்தனை பேர்? இரண்டு மாலை போதும். "பசங்களுக்கு ஆர்வமே இல்லை" என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டிருந்தது, "லூப் எங்கே நிற்கும் என்று தாளில் ஓட்டிப் பார்க்க இவர்களுக்குத் தெரியவில்லை" என்று மாறும். ஆராய்வதற்குப் பிடி கிடைத்துவிட்டது.

அடுத்த செமஸ்டரில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். கணினியைத் தொடும் முன் பத்து நிமிடம் புரோகிராமைக் கையால் ஓட்டிப் பார்க்கவைக்கலாம். பிறகு அதே வகைக் கேள்வி, தவறுகளின் அதே பட்டியல். சக ஆசிரியர் ஒருவரிடம் பத்துத் தாள்களைக் கொடுத்து அவரையும் தவறுகளைத் தனியாக வகைப்படுத்தச் சொல்லுங்கள். இருவர் பட்டியலும் ஒத்துவராவிட்டால் வகைகளைத் திருத்தியாக வேண்டும். பலர் விட்டுவிடும் படி இது, தயவுசெய்து விடாதீர்கள்.

கல்வியியல் பட்டம் இல்லையே என்ற தயக்கம் வேண்டாம். கற்பித்தலும் புலமையின் ஒரு வடிவமே என்று அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் பாயர் 1990-இலேயே வாதிட்டார். உங்கள் பாடத்தில் மாணவர் எங்கே தடுக்குவார் என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஏ செக்‌ஷனுக்குப் புது முறை, பி-க்குப் பழைய முறை. கடைசித் தேர்வு மார்க்கை ஒப்பிட்டால் போதுமா?
- ராஜாஜிநகர்

போதாது. ஒரு செக்‌ஷன் முதலிலிருந்தே கெட்டியாக இருந்திருக்கலாம். பாடத்துக்கு முன்னும் ஒரு தேர்வு வையுங்கள். 100-க்கு 40 வாங்கிய வகுப்பு 70-க்கு வந்தால், ஏற முடிந்த 60-இல் 30 ஏறியிருக்கிறது, அதாவது 0.5. அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் 1998-இல் 62 இயற்பியல் வகுப்புகளை, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை, இந்தக் கணக்கால்தான் ஒப்பிட்டார். வழக்கமான விரிவுரை வகுப்புகளின் சராசரி 0.23, மாணவரைப் பேசவும் செய்யவும் வைத்த வகுப்புகளுக்கு 0.48. புது முறை பலன் தருவது தெரிந்தால், செமஸ்டர் முடிவதற்குள் பி-க்கும் கொடுத்துவிடுங்கள். அவர்களும் உங்கள் பிள்ளைகள்தானே.

ஃபீட்பேக் படிவத்தில் எல்லாரும் "சூப்பர்" என்கிறார்கள். இது சான்றாகுமா?
- ஒயிட்ஃபீல்ட்

பிடித்திருந்தது என்பதற்குச் சான்று. கற்றார்கள் என்பதற்கு அல்ல. ஹார்வர்டில் நடந்து 2019-இல் வெளியான ஓர் இயற்பியல் வகுப்பு ஆய்வில், தாங்களே முயன்று படித்த மாணவர்கள் தேர்வில் அதிகம் வாங்கினார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள்.

பி.காம். வகுப்பில் கன்னட மீடியத்திலிருந்து வந்தவர்கள் வாயே திறப்பதில்லை. காரணத்தை அறிய வேண்டும்.
- ஜெயநகர்

மனதைத் தொட்ட கேள்வி. நான்கைந்து பேரிடம் கன்னடத்திலேயே நிதானமாகப் பேச வேண்டும். ஆனால் நீங்கள் பேசாதீர்கள். இன்டர்னல் மார்க் உங்கள் கையில் இருக்கும்போது உண்மை வெளிவராது. அவர்களுக்குப் பாடம் எடுக்காத, கன்னடம் நன்றாகப் பேசும் வேறு ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் பெயர்களை நீக்கிய குறிப்பை, மார்க் போட்டு முடித்த பிறகு உங்களிடம் தரட்டும். தொடங்கும் முன் கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதியும் மாணவர்களின் எழுத்துச் சம்மதமும் வாங்குங்கள். முதலாண்டில் 18 நிறையாதவர்கள் இருப்பார்கள்; அவர்களுக்குப் பெற்றோர் சம்மதமும் தேவை.

எழுதியதை எங்கே அனுப்பலாம்?
- சிவாஜிநகர்

அறிவியல் பாடமென்றால் நம் சதாசிவநகரிலேயே இருக்கும் இந்திய அறிவியல் அகாதமியின் 'ரெசனன்ஸ்' இதழைப் பாருங்கள். 1996 முதல் வருகிறது. வகுப்பறை அனுபவங்களுக்கென்றே அதில் தனிப் பகுதி உண்டு. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் போடுகிறோம் என்று மெயில் அனுப்பும் இதழ்களிடம் மட்டும் போகாதீர்கள். அனுப்பும் முன் உங்கள் துறையிலேயே அரை மணி நேரம் பேசிக் காட்டுங்கள். பக்கத்து அறையில் பாடம் எடுப்பவர் கேட்கும் சந்தேகம்தான் கட்டுரையில் விட்டுப்போன இடம்.