பிராய்லர் தீவனத்தில் இயற்கைச் சேர்மானங்கள்: எது உண்மையில் பலன் தரும்?

மருந்தே இல்லாமல் மஞ்சள், பூண்டு போன்றவற்றைச் சேர்த்தால் பிராய்லர் கோழி எடை கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓரளவு கூடும். ஆனால் இவை நேரடியாக எடையை ஏற்றுவதில்லை. குடலைச் சீராக வைத்து, தின்ற தீவனம் உடம்பில் ஒட்ட உதவுகின்றன. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் முழுவதும் தடை செய்ததும் இவற்றின் மவுசு இன்னும் கூடியது.

என்னைக் கேட்டால் முதலிடம் புரோபயாடிக்குக்குத்தான், அதாவது குடலுக்கு நன்மை செய்யும் பாக்டீரியாக்களுக்கு. அதிலும் பேசில்லஸ் வகை பாக்டீரியா கெட்டியான உறை கொண்ட வித்தாக உறங்கும் என்பதால், குச்சித் தீவனம் தயாரிக்கும் சூட்டையும் பெரும்பாலும் தாங்கிவிடும். லாக்டோபேசில்லஸ் என்ற இன்னொரு வகைக்கு அந்தத் தெம்பு இல்லை. அதைத் தண்ணீரில் கலந்து கொடுப்பது நல்லது. அந்தத் தண்ணீரில் குளோரின் இருந்தால் போட்ட காசு வீண்.

மஞ்சள்தூள், பூண்டுப்பொடி இரண்டையும் 100 கிலோ தீவனத்துக்குத் தலா அரை கிலோ அளவில் தொடங்கலாம். வினிகர் குடிநீரின் அமிலத்தன்மையைக் கூட்டிக் கெட்ட கிருமிகளை அடக்கும். தகரப் பாத்திரத்தில் மட்டும் ஊற்றாதீர்கள், அரித்துவிடும். அப்புறம், பூஞ்சை பிடித்த தீவனத்தில் எதைக் கலந்தும் பயனில்லை.

பலன் தெரிய எடைத் தராசு மட்டும் போதாது. கொட்டகைத் தரையில் பரப்பிய கூளத்தை ஒரு கைப்பிடி அள்ளி அழுத்திப் பாருங்கள். உதிராமல் உருண்டையாக நின்றால், எச்சம் இளகிப் போகிறது, அல்லது தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது. எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் ரத்தக்கழிச்சலாக இருக்கலாம். மஞ்சளை நம்பி நாளைக் கடத்தாமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.