கட்டிங் மாஸ்டர் பதில்கள்

ஆண்கள் உடை தைக்கும் ஒரு சென்னைக் கம்பெனியில் 22 வருடமாகக் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். முதலாளியின் மகள், டிசைனர், துணி கொள்முதல் பார்ப்பவர், மெர்ச்சண்டைசர், நான் என்று ஐந்து பேர் வருடத்துக்கு ஒருமுறை ஐரோப்பா போய் வருவோம் என்று இரண்டு இதழ்களுக்கு முன் போகிறபோக்கில் எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுக்க அதற்கே.

கம்பெனி செலவில் ஊர் சுற்றுகிறீர்கள். இதனால் வாங்கிப் போடுகிறவனுக்கு என்ன லாபம், மாஸ்டர்?
— ஜவுளிக்கடைக்காரர், ஈரோடு

எங்கள் கணக்காளரும் வருடாவருடம் இதையேதான் கேட்கிறார், இன்னும் கொஞ்சம் காரமாக.

நாங்கள் சுற்றுவது ஊரை அல்ல, கடைகளை. காலையில் ஆரம்பித்தால் ராத்திரி கடை மூடும் வரை ஏறி இறங்குவோம். என் வேலை ஒன்றுதான்: மாட்டியிருக்கும் கோட்டை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்ப்பது. வெளிப்பக்கத்தைப் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம், உள்பக்கத்தை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை. அக்குளில் எவ்வளவு துணி மிச்சம் விட்டிருக்கிறார்கள், லைனிங்கை எங்கே தளர விட்டிருக்கிறார்கள், காஜா கையால் எடுத்ததா மிஷினா, எல்லாம் அங்கேதான் இருக்கிறது. மிலானில் ஒரு கடைப் பையன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், வாங்கப் போகிறீர்களா, ஆபரேஷன் பண்ணப் போகிறீர்களா?" என்று கேட்டான்.

அப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்ததில்தான் எங்கள் கோட்டுகளின் முதுகில் பாதி லைனிங்கை எடுத்தோம். மே மாதக் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளைக்கு முதுகு நனைவது கொஞ்சமாவது குறைந்தது. லைனிங்கை எடுத்தால் உள்தையல் பல்லைக் காட்டும். அதனால் ஒவ்வொரு ஓரத்துக்கும் பைப்பிங், அதாவது மெல்லிய துணிப் பட்டி, கொடுத்து முடிக்க வேண்டும். ஆக, செலவு குறையவில்லை, ஏறியது. இதைக் கணக்காளரிடம் இன்னும் சொல்லவில்லை.

இத்தாலியில், பிளாரன்ஸில் நடக்கும் பிட்டி உவோமோ பற்றிச் சொல்லுங்கள். மயில் மாதிரி உடுத்திக்கொண்டு ஆண்கள் நிற்கும் படங்களைப் பார்த்திருக்கிறேன். நானும் போகலாமா?
— ஃபேஷன் மாணவி, கோவை

அது ஆண்கள் உடை வியாபாரிகளுக்கான சந்தை. கடைக்காரர், தயாரிப்பாளர், பத்திரிகைக்காரர் என்று பதிவு செய்துகொண்டுதான் உள்ளே போக முடியும். படிப்பு முடித்து வேலையில் சேர்ந்த பிறகு கம்பெனி அடையாளத்தோடு போங்கள்.

1972-இல் தொடங்கியது. வருடத்துக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூனிலும். பெயரைக் கேட்டு நான் முதல் தடவை பிட்டி அரண்மனைக்கே போய் நின்றேன். அங்கே ஆற்றுக்கு அந்தக் கரையில் ஓவியம் பார்க்க வந்த கூட்டம்தான் இருந்தது. 1950-களில் இத்தாலிய ஃபேஷன் காட்சிகள் அந்த அரண்மனையின் வெள்ளைக் கூடத்தில் நடந்ததால் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சந்தை நடப்பது ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஃபோர்தெஸா தா பாஸோ என்ற பழைய கோட்டையில். பிளாரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பம் 1530-களில் கட்டியது. பீரங்கிக்குப் பயந்து எழுப்பிய சுவருக்குள் இப்போது 700-க்கு மேற்பட்ட கம்பெனிகள் கடை விரிக்கின்றன.

நீங்கள் பார்த்த மயில்கள் கோட்டை வளாகத்தில், வெயில் படும் இடத்தில் இருப்பார்கள். குறுக்கும் நெடுக்குமாக, எங்கேயோ அவசரமாகப் போவது போல, அதே இடத்திலேயே நடந்துகொண்டிருப்பார்கள். போட்டோக்காரர்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள்.

என் படமும் எடுக்கப்பட்டது, அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜனவரியில் என் பெட்டி வந்து சேரவில்லை. வழியில் விமானம் மாறிய இடத்திலேயே தங்கிவிட்டது. கைப்பையில் இருந்தது ஒரே ஒரு கோட்டு, அதுவும் பாதி தைத்தது. இத்தாலியின் தெற்கே, நேப்பிள்ஸில் ஒரு தையல் மாஸ்டரிடம் தோளைக் காட்டிக் கேட்பதற்காக எடுத்துப் போயிருந்தேன். டிரையலுக்குப் போடும் பெரிய பெரிய வெள்ளை ஓட்டுத் தையல், மார்பில் சாக்பீஸ் கோடு, ஒரு பக்கம் காலரே இல்லை. குளிர் எலும்பைத் தொட்டது. வேறு வழியில்லாமல் ஸ்வெட்டர் மேல் அதைப் போட்டுக்கொண்டு போனேன். வாசலைத் தாண்டியதும் நான்கு கேமரா என் பக்கம் திரும்பியது. ஒருவர் ஓடி வந்து இது எந்த பிராண்டு என்று கேட்டார். மறுநாள் சாயங்காலம் பெட்டி வந்தது. நல்ல கோட்டு, நல்ல டை என்று ஒழுங்காக உடுத்திப் போனேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பீசாவின் சாய்ந்த கோபுரம் பார்த்தீர்களா?
— ஆறாம் வகுப்பு மாணவன், தென்காசி

இல்லை தம்பி. பிளாரன்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரம் இதுவரை கிடைக்கவில்லை.

நேப்பிள்ஸ் தோள் என்கிறார்களே, அது என்ன? நான் 30 வருடமாகக் கோட்டு தைக்கிறேன். தோளில் பேட் வைக்காமல் எப்படி நிற்கும்?
— டெய்லர், மதுரை

அண்ணே, உங்கள் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

நாம் படித்த கோட்டு வெள்ளைக்காரன் கோட்டு. பட்டாள உடுப்பிலிருந்து வந்தது. நெஞ்சில் கேன்வாஸ், தோளில் பேட், கைக்குள் பஞ்சு. குளிருக்கு அது சரி. நேப்பிள்ஸ்காரர்களுக்கு வெயில். 1930-களில் அங்கே ஜென்னாரோ ருபினாச்சி நடத்திய கடையில் கட்டராக இருந்த வின்சென்சோ அத்தோலினி, பேடையும் உள்ளடக்கத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். அந்தக் கடையின் பெயர் என்ன தெரியுமா? 'லண்டன் ஹவுஸ்'. லண்டன் பெயரைப் பலகையில் வைத்துக்கொண்டே லண்டன் கோட்டின் குடலை உருவிவிட்டார்கள்.

எப்படி நிற்கிறது என்று கேட்டீர்கள். அது பேடால் நிற்பதில்லை, தோளால் நிற்கிறது. பாடியில் கைக்குழியைச் சின்னதாக, அக்குளுக்கு ஒட்டி மேலே வெட்டுகிறார்கள். கையை அந்தக் குழியைவிட நன்றாகவே பெரிதாக வெட்டுகிறார்கள். மிச்சத் துணியை விரலாலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி, கையால் தைத்து உள்ளே அடக்குகிறார்கள். தோள் உச்சியில் அடங்காமல் சின்னச் சின்னச் சுருக்கம் நிற்கும். நம் ஊரில் அதைப் பார்த்தால் வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்துவிடுவார், அங்கே அதற்குத்தான் காசு. அப்புறம், தையல் மிச்சத்தை நாம் கைப்பக்கம் தள்ளுவோம் இல்லையா, அவர்கள் சட்டையில் செய்வது போலத் தோள் பக்கம் மடக்குகிறார்கள். அதனால்தான் அவர்கள் பாஷையில் அதற்குப் பெயரே சட்டைத் தோள்.

நான் பார்த்த பட்டறை இரண்டாம் மாடியில், ஒரு குடித்தனத்தின் பின்னறை. பக்கத்து அடுப்பில் தக்காளி கொதிக்கும் வாசனை. அந்த மாஸ்டருக்கு எழுபது வயதுக்கு மேல். எனக்கு இத்தாலியன் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. என் பாதிக் கோட்டை என் மேலேயே மாட்டி, கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். கோட்டு மொத்தமும் காதுவரை ஏறியது. உச்சுக் கொட்டினார். தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு மறுபடி தூக்கச் சொன்னார். கை மட்டும் போனது, காலர் கழுத்தை விட்டு அசையவில்லை. சாக்பீஸை எடுத்து என் கோட்டின் கைக்குழியில், நான் வெட்டிய இடத்துக்கு மேலே, ஒன்றரை விரல் தள்ளிப் புதுக் கோடு போட்டார். மொழிபெயர்ப்பாளருக்கு நாங்கள் கொடுத்த காசு தண்டம்.

ஒரு எச்சரிக்கை. குழியைச் சின்னதாக்கினால் முதலில் போடுகிறவர் "அக்குளில் பிடிக்கிறது" என்பார். பத்து நிமிடம் போட்டிருக்கச் சொல்லுங்கள்.

கல்யாணக் கோட்டுக்கு 'சூப்பர் 150' துணிதான் உசத்தி என்கிறார் கடைக்காரர். உண்மையா?
— மாப்பிள்ளை, சேலம்

அந்த எண் கம்பளி இழையின் மென்மையைச் சொல்கிறது, உழைப்பைச் சொல்லவில்லை. சூப்பர் 100 என்று போட வேண்டுமானால் இழையின் தடிமன் 18.75 மைக்ரானுக்கு மேல் போகக் கூடாது, 150 என்றால் 16.25. சர்வதேசக் கம்பளி அமைப்பின் விதி அது. இழை மெலிய மெலியத் துணி வழுவழுப்பாகும், கூடவே சீக்கிரம் கசங்கும், தொடையிடுக்கில் சீக்கிரம் தேயும். ஒரு நாள் போட்டு மடித்து வைக்கப் போகிறீர்கள் என்றால் 150 வாங்குங்கள். அப்புறமும் ஆபீசுக்குப் போடுவதாக இருந்தால் 100, 110 போதும். எண்ணைவிட எடையைக் கேளுங்கள்: மீட்டருக்கு 240, 250 கிராம் இருந்தால் நம் ஊருக்குத் தாங்கும்.

இந்தத் துணி நெய்யும் ஊர் இத்தாலியின் வடக்கே, ஆல்ப்ஸ் அடிவாரத்தில் இருக்கும் பியெல்லா. சுண்ணாம்பு குறைந்த மலைத் தண்ணீர் கம்பளி அலச ஏற்றது என்பதால் ஆலைகள் அங்கே கூடின. வீத்தாலே பார்பெரிஸ் கனோனிகோ என்ற ஆலையின் கணக்கு 1663-இலிருந்து தொடங்குகிறது. பியெல்லாவில் ஓர் ஆலையில் நெய்து முடித்த துணியைச் சரிந்த மேசையில் ஓடவிட்டு, வெளிச்சத்தில் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இழை விட்டுப்போன இடத்தில் ஊசியால் ஒரே ஓர் இழையைப் பாவுக்குள் கோத்து விடுகிறார்கள். முடித்தபின் அந்த இடத்தைக் காட்டச் சொன்னேன். அந்த அம்மாவுக்கே கண்டுபிடிக்க முடியவில்லை.

துபாயில் இருக்கும் மகன் அனுப்பிய கோட்டில் 50 என்று இருக்கிறது. என் மார்பு 40 அங்குலம். பெரிதாக இருக்குமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

சரியாக இருக்கும் ஐயா. இத்தாலிய அளவு என்பது மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பாதியாக்கியது. 50 என்றால் 100 சென்டிமீட்டர், அதாவது நம் 40. டிராப் என்பது மார்பின் பாதிக்கும் இடுப்பின் பாதிக்கும் உள்ள வித்தியாசம். கூடவே 'டிராப் 6' என்று இருந்தால் இடுப்பு 88 சென்டிமீட்டர், 'டிராப் 7' என்றால் 86. எங்கள் கம்பெனியில் அதிகம் விற்பது டிராப் 4. காரணத்தை என் வாயால் சொல்ல வைக்காதீர்கள்.

சைவக்காரர்கள் அங்கே என்ன சாப்பிடுவீர்கள்?
— இல்லத்தரசி, திருநெல்வேலி

எங்கள் ஐவரில் இருவர் சைவம். பிளாரன்ஸில் ரிபொல்லித்தா என்று ஒன்று உண்டு: பழைய ரொட்டி, பீன்ஸ், கீரை எல்லாம் போட்டுக் கொதிக்க வைத்த கூட்டு. பெயருக்கு அர்த்தமே 'மறுபடி கொதிக்க வைத்தது'. நம் பழங்குழம்பை மறுநாள் சுண்ட வைப்பதுபோலத்தான். சூப் தண்ணீரில் மாட்டெலும்பு போட்டதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். காபியை நின்றுகொண்டே குடியுங்கள், உட்கார்ந்தால் பல இடங்களில் விலை வேறு.

லண்டன் சேவில் ரோ தெருவில் கோட்டு தைத்துக்கொண்டீர்களா?
— வங்கி ஊழியர், திருச்சி

என் சம்பளத்திலா? ஒரு சூட்டுக்குக் குறைந்தது 50 மணி நேரக் கைவேலை என்று அந்தத் தெருச் சங்கத்தின் விதி. விலை பல ஆயிரம் பவுண்ட். இலவசமாகப் பார்க்க ஒன்று உண்டு: பல கடைகளில் பட்டறை நிலவறையில் இருக்கும். நடைபாதையில் கம்பி அருகே நின்று குனிந்தால், கீழே மேசையில் தலை கவிழ்ந்து தைப்பது தெரியும். மழையில் குடை பிடித்துக்கொண்டு நாங்கள் ஐந்து பேரும் முக்கால் மணி நேரம் குனிந்து நின்றோம். பீட்டில்ஸ் பாட்டுக் குழு 1969-இல் மொட்டை மாடியில் ஏறிப் பாடியதும் இதே தெருவில் 3-ஆம் எண் கட்டடத்தில்தான். மெர்ச்சண்டைசர் அண்ணாந்து பார்த்தார், நான் குனிந்தே இருந்தேன். லண்டனுக்குத் தனி விசா, ஐரோப்பிய விசா செல்லாது.

ஐரோப்பாவைத் தாண்டிப் போனதில் மறக்க முடியாத இடம்?
— விசைத்தறி உரிமையாளர், சோமனூர்

ஜப்பானில் ஒகயாமா பக்கம் கோஜிமா. 1960-களிலிருந்து ஜீன்ஸ் தைக்கிற ஊர். அங்கே விலை உயர்ந்த ஜீன்ஸ் எல்லாம் பழைய நாடாத் தறியில் நெய்தது. நாடா போய்த் திரும்புவதால் துணியின் ஓரம் பிரியாமல் மூடிக்கொள்கிறது அல்லவா, அந்த ஓரத்தைக் கால் மடிப்பில் வெளியே தெரியும்படி வைத்துத் தைக்கிறார்கள். வாங்குகிறவர் முதலில் காலைத்தான் மடித்துப் பார்க்கிறார். தறிச் சத்தம் கேட்டபோது எனக்குப் பல்லடத்தில் இறங்கியது போல இருந்தது. உங்கள் ஊரில் அந்தத் தறியைக் கிலோ கணக்கில் பழைய இரும்புக்குப் போடுவதை நானே பார்த்திருக்கிறேன். மீதி உங்களுக்குத் தெரியும்.

நம்ம துணி எதையாவது அங்கே பார்த்ததுண்டா?
— கைத்தறிக் கடை, சென்னை

ஒரு ஜூன் மாதம், பிட்டியில் மெட்ராஸ் செக் கோட்டு. பெயரே 'மெட்ராஸ்'தான். 1960-களில் அமெரிக்காவில் இந்தத் துணியின் சாயம் போவதையே பெருமையாக விளம்பரப்படுத்தி விற்றார்கள். துவைக்கத் துவைக்க நிறங்கள் ஒன்றோடொன்று கலக்கும், ஆகவே உங்கள் சட்டை மாதிரி இன்னொன்று இருக்காது என்று. சாயம் போன சட்டைக்காகச் சண்டை போடும் அம்மாக்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இத்தனை பயணத்தில் உங்களுக்காக வாங்கியது என்ன?
— வாசகி, புதுச்சேரி

விரலில் மாட்டிக்கொள்ளும் இரும்புத் தொப்பி, சில யூரோ. நேப்பிள்ஸ் மாஸ்டர் வைத்திருந்தது போலவே, உச்சி திறந்தது. அங்கே ஊசியை விரல் நுனியால் தள்ளுவதில்லை, நகத்தின் பக்கவாட்டால் தள்ளுகிறார்கள். ஊருக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்தேன். ஐம்பது வருடம் வெறும் விரலால் தைத்தவர். மாட்டிக்கொண்டு, ஓட்டை வழியாக என்னைப் பார்த்துவிட்டு, "பாதியைத்தான் குடுத்திருக்கான். மீதியை அடுத்த தடவை கேட்டு வாங்கிட்டு வா" என்றார்.