வீட்டு நீச்சல் குளத்தை உப்புநீர் முறைக்கு மாற்றுவது: கேள்வி பதில்

வீட்டு நீச்சல் குளங்களைப் பராமரிப்பது என் தொழில். பிளீச்சிங் பவுடரையும் மாத்திரையையும் விட்டுவிட்டு, உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவிக்கு மாற நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். கணக்குகள் எல்லாம் 50,000 லிட்டர் குளத்துக்கானவை. ஏறத்தாழ 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியாக ஒன்றரை மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீலாங்கரையிலிருந்து: ஐயா, உப்புநீர்க் குளத்தில் குளோரினே இருக்காது என்று விற்பனையாளர் சொல்கிறார். மகளுக்குத் தோல் ஒவ்வாமை இருப்பதால் கேட்கிறேன். உண்மையா?

உண்மையில்லை. உப்பு என்பதே சோடியம் குளோரைடுதான். பூச்சு பூசிய டைட்டானியம் தகடுகளுக்கிடையே உப்புநீர் ஓடும்போது மின்சாரம் அதிலிருந்து குளோரினைப் பிரிக்கிறது. மாத்திரை போட்டால் நீரில் எது கிருமியைக் கொல்கிறதோ, இங்கேயும் அதேதான் கொல்கிறது. வேலை முடிந்ததும் பெரும்பகுதி மீண்டும் குளோரைடாகிவிடும். அதனால்தான் உப்பு தீர்ந்துபோவதில்லை.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கையால் அள்ளிப் போடும்போது ஒரு நாள் அதிகம், மறுநாள் ஒன்றுமில்லை என்று அளவு ஏறி இறங்கும். கருவி சிறிது சிறிதாகத் தொடர்ந்து தருகிறது. கண்ணை எரிக்கும் அந்த நெடியும் பெரும்பாலும் குளோரின், வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து உண்டாகும் குளோரமைனின் நெடி. குளோரின் போதாத குளத்தில்தான் அது தங்கும். உங்கள் மகளுக்குக் குளோரினே ஒத்துக்கொள்ளாது என்றால் இந்தக் கருவி தீர்வாகாது. முதலில் தோல் மருத்துவரிடம் கேளுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து: எவ்வளவு உப்பு தேவை? எங்கள் ஊர் உப்பளத்துக் கல் உப்பையே கொட்டலாமா?

பெரும்பாலான கருவிகள் கேட்பது சுமார் 3,200 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு நீரில் 3,200 பங்கு உப்பு). கடல்நீரில் இருப்பது ஏறத்தாழ 35,000. ஆயிரம் லிட்டருக்கு 3.2 கிலோ, உங்கள் குளத்துக்கு 160 கிலோ. இது உப்பே இல்லாத நீருக்கான கணக்கு. நீரில் ஏற்கெனவே இருக்கும் உப்பை அளந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

உப்பளத்துக் கல் உப்பு வேண்டாம். அதில் மண்ணும் கால்சியமும் மெக்னீசியமும் கலந்திருக்கும். அவை தகட்டில் படிந்து அதன் ஆயுளைக் குறைக்கும். அயோடின் சேர்த்த சமையல் உப்பும், கட்டியாகாமல் இருக்க மருந்து கலந்த உப்பும் சுவரில் கறை உண்டாக்கக்கூடும். நீர் மென்மையாக்கும் கருவிகளுக்கென்று விற்கும், அயோடின் சேர்க்காத சுத்திகரித்த உப்பை வாங்குங்கள்.

முதலில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் போட்டு, கருவியை அணைத்துவிட்டு, பம்பை ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள். அளந்து பார்த்து மீதியைச் சேருங்கள். அதிகமாகிவிட்டால் தண்ணீரை வெளியேற்றுவதைத் தவிர வழியில்லை. புதிதாகப் பூசிய குளமென்றால் பூச்சு இறுக ஒரு மாதமாவது பொறுத்த பிறகே உப்பு.

கோவையிலிருந்து: மணிக்கு 16 கிராம் குளோரின் தரும் கருவி, 25 கிராம் தரும் கருவி என்று இரண்டு விலை சொல்கிறார்கள். எது போதும்?

50,000 லிட்டரில் ஒரு பி.பி.எம். என்றால் 50 கிராம் குளோரின். நம் வெயிலில் நாளொன்றுக்கு 2 முதல் 3 பி.பி.எம். வரை செலவாகும், அதாவது 100 முதல் 150 கிராம். பம்ப் எட்டு மணி நேரம் ஓடினால் சிறியது 128 கிராம் தரும், பெரியது 200 தரும். பெரியதை வாங்கித் தேவைக்கேற்பப் பாதி முதல் முக்கால் திறனில் ஓட்டுங்கள். தகட்டின் ஆயுள் அது குளோரின் தயாரிக்கும் மணிக்கணக்கில் தேய்கிறது. சிறியதை எப்போதும் முழுத் திறனில் ஓட்டினால் சீக்கிரம் புதுத் தகடு வாங்க வேண்டிவரும்.

திருப்பூரிலிருந்து: எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) 1,800, கடினத்தன்மை 600. குழாயெல்லாம் வெள்ளையாகப் படிகிறது. மாறலாமா?

இப்படியே மாறாதீர்கள். குளோரின் உண்டாகும்போது எதிர்த் தகட்டில் ஹைட்ரஜன் குமிழிகளும் காரத்தன்மையும் உண்டாகின்றன. குழாயில் படியும் சுண்ணாம்பு, அந்தத் தகட்டில்தான் முதலில் படியும். குமிழிகள் நீரிலிருக்கும் கரியமில வாயுவையும் வெளியேற்றுவதால் குளத்தின் பி.எச். (நீரின் அமில-கார அளவு) மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். பி.எச். ஏற ஏறப் படிவும் கூடும்.

முதல் வேலை நீரைச் சரிசெய்வது. கூரை மழைநீரைச் சேர்க்க முடிந்தால் அதைவிட நல்ல நீர் கிடைக்காது. இல்லையென்றால் மென்மையாக்கும் கருவி வழியாகக் குளத்தை நிரப்புங்கள். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தருகிறது. உப்புநீர்க் குளத்தில் அதனால் தொல்லை இல்லை. கடினத்தன்மையை 200க்கும் 400க்கும் இடையில் கொண்டுவாருங்கள். மொத்தக் காரத்தன்மையை (அமிலத்தைச் சமாளிக்கும் நீரின் திறன்) 60–80 அளவில் வைத்தால் பி.எச். ஏறும் வேகம் குறையும். பி.எச். 7.8ஐத் தொட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றி 7.5க்கு இறக்குங்கள். உங்கள் குளத்துக்கு ஒரு முறைக்கு அரை லிட்டருக்குள் போதும்.

இன்னொன்று: உப்பின் அளவைக் காண டி.டி.எஸ். மீட்டரை நம்ப வேண்டாம். அது எல்லா உப்புகளையும் சேர்த்தே காட்டும். குளோரைடு அளக்கும் பட்டையை வாங்குங்கள்.

தகட்டில் படிவு தெரிந்தால் பத்துப் பங்கு நீரில் ஒரு பங்கு அமிலம் கலந்து சில நிமிடங்கள் ஊறவையுங்கள். நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. கத்தியாலோ கம்பியாலோ சுரண்டினால் பூச்சு போய்விடும், தகடும் போனதுதான்.

அடையாற்றிலிருந்து: பல வருடங்களாக டி.சி.சி.ஏ. என்ற குளோரின் மாத்திரைதான். அதே தண்ணீரில் உப்பு போடலாமா?

சயனூரிக் அமிலத்தை அளக்காமல் போடாதீர்கள். அந்த மாத்திரை 10 பி.பி.எம். குளோரின் தரும்போது 6 பி.பி.எம். சயனூரிக் அமிலத்தையும் விட்டுச் செல்கிறது. அது ஆவியாகாது. ஒரு கோடையிலேயே 100ஐத் தாண்டிவிடும். அளவாக இருந்தால் குளோரினை வெயிலிலிருந்து காக்கும். மிஞ்சினால் குளோரினின் வேகத்தையே கட்டிப்போடும். உப்புநீர்க் குளத்துக்கு 60 முதல் 80 போதும். 150 இருந்தால் பாதி நீரை மாற்றுங்கள். மழைக்காலம் முடிந்த கையோடு அதைச் செய்யாதீர்கள். நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது காலிக் குளத்தைக் கீழிருந்து தள்ளி விரிசல் விடவைக்கும்.

காரைக்குடியிலிருந்து: குளத்தின் ஓரம் கடப்பா கல், ஏணி எவர்சில்வர். உப்பு அரிக்குமா?

கடப்பா ஒரு சுண்ணாம்புக்கல். தெறித்த நீர் காயும்போது உப்பு உள்ளே படிகமாகிக் கல்லைச் செதில் செதிலாக உரிக்கும். கல்லின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் பூசி, குளித்து முடித்ததும் நல்ல நீரால் கழுவிவிடுங்கள். புதிதாகப் பதிப்பதென்றால் கிரானைட் போடுங்கள். ஏணி 304 ரகமென்றால் துருப்புள்ளி வரும், 316 தாங்கும்.

வேளச்சேரியிலிருந்து: எலக்ட்ரீஷியன், தனி எர்த்திங் எல்லாம் தேவையில்லை என்கிறார்.

அப்படியானால் எலக்ட்ரீஷியனை மாற்றுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். ஏணி, கைப்பிடி, பம்ப், குளத்தின் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி என எல்லா உலோகத்தையும் ஒன்றாக இணைத்து எர்த் செய்ய வேண்டும். பம்ப் நின்றால் கருவியும் நிற்கும்படி இணைப்பு இருக்க வேண்டும். ஓடாத நீரில் தகடு இயங்கினால் ஹைட்ரஜன் சேர்ந்து வெடிக்கக்கூடும். இதில் ஒன்று குறைந்தாலும் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

பனையூரிலிருந்து: ஃபில்டர் கழுவும் நீரை மழைநீர்க் குழியில் விடலாமா? தென்னைக்குப் பாய்ச்சலாமா?

குழியில் விடவே கூடாது. அது உங்கள் கிணற்றையும் பக்கத்து வீட்டுக் கிணற்றையும் உப்பாக்கும். தென்னை ஓரளவு தாங்கும் என்றாலும் ஒரே மரத்தடியில் தொடர்ந்து விடாதீர்கள். மாமரத்தின் பக்கம் போகவே வேண்டாம்.

மகாபலிபுரத்திலிருந்து: வாரக்கடைசியில் மட்டும் வருகிறோம். இது செலவைக் குறைக்குமா?

மாதச் செலவு குறையும். சில வருடங்களுக்கு ஒருமுறை தகட்டுக்குப் பெரிய தொகை வைக்க வேண்டும், அமிலச் செலவும் உண்டு. இரண்டையும் சேர்த்தால் பெரிய மிச்சம் இருக்காது. நீங்கள் இல்லாத நாட்களில் குளோரின் சீராக இருப்பதுதான் உங்களுக்கு லாபம். ஆனால் வாரம் ஒருமுறை பி.எச்., குளோரின் அளந்து குறித்துவைக்க அங்கே ஒருவர் வேண்டும். காவலாளிக்கோ தோட்டக்காரருக்கோ அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கருவி வாங்குங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.